ராஜாங்கம் நட்ட கல்வட்டம்

புறவழிச்சாலைக்கு அளவெடுக்க வந்தவர்கள், ராஜாங்கத்தின் கரும்புக் கொல்லை நடுவே சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். கச்சிராயபாளையத்தில் எவன் நிலம் போனாலும், "நாட்டுக்காகக் குடுக்கணும்யா" என்று புத்தி சொன்னவர் அவர். இப்போது நாட்டின் மேலேயே அவருக்குக் கோபம்.

"பக்கத்து ஊர்ல ரோட்டையே திருப்பிட்டாங்களாம். அந்தக் காலத்து ஆளுங்கள பானையில வெச்சுப் பொதைச்ச எடமாம். சுத்தி கல்லு வட்டமா நிக்குதாம்" என்றாள் மனைவி சின்னப்பொண்ணு.

"அவ்ளோதான? நம்ம கொல்லையிலயும் நிக்கும்."

டிராக்டர் ஓட்டும் பச்சமுத்துவைக் கூப்பிட்டார். "பழைய கல்லா ஒரு லோடு அள்ளிக்கினு வாடா. எங்கேர்ந்துன்னு எங்கிட்டகூட சொல்லாத. பானைய நான் வாங்கிக்கிறேன்."

கொடியைச் சுற்றிக் கல் நட்டாயிற்று. சின்னசேலம் சந்தையில் வாங்கிய பானைக்கு டயரைக் கொளுத்திப் புகையேற்றினார். எலும்புக்குப் பிரியாணிக் கடை. இரண்டையும் வட்டத்துக்கு நடுவே குழி வெட்டிப் புதைத்தார்.

ஊர்ச்சனம் கற்பூரத்தோடு வந்து கும்பிட்டது. போகும்போது ஆளுக்கொரு கரும்பை ஒடித்துக்கொண்டது. விரட்டுவதற்காக, "ஆவி அடிக்கும்" என்று புளுகினார். ஆவியைப் பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பாதிக் கரும்பு காலி.

"இன்னாங்க இது கூத்து?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சின்னப்பொண்ணு.

"கரும்பு போனா போவுது. நெலம் நிக்குதில்ல?"

கடைசியில் தொல்லியல் அதிகாரி விஜயலட்சுமி வந்தார். குழியைத் தோண்டி எலும்பை எடுத்து முகர்ந்தார். "மசாலா வாசனை வருதே?"

"அந்தக் காலத்துலயே நல்லா சாப்ட்டிருக்காங்க மேடம்."

பானையைக் கவிழ்த்தார். அடியில் கடைக்காரரின் செல்போன் நம்பர்.

"இதுவும் அந்தக் காலத்து எழுத்துங்களா?"

ராஜாங்கம் அந்த நம்பரைத் துண்டால் அழிக்கப் பார்த்தார்.

கிளம்பப் போன அதிகாரி, கல்லைத் தடவியதும் நின்றுவிட்டார். "பானை டூப்பு. ஆனா கல்லு அசல். மூவாயிரம் வருஷம் இருக்கும். இருந்த எடத்துலயே விட்டிருந்தா அந்த நெலத்துப் பக்கம் ரோடே வந்திருக்காது. எங்கேர்ந்து பேத்தீங்க?"

வேறு எவனுக்கோ நஷ்டம் என்றதும் ராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. "எந்த ஏமாளி நெலமோ! சொல்றா பச்சமுத்து."

பச்சமுத்து தலையைச் சொறிந்தான். "நம்ம கொல்லை மேக்கால மூலையில, முள்ளுப் பொதருக்குள்ள வட்டமா நின்னுக்கினு இருந்துச்சுங்க. அடியில கெடந்த பழம்பானைங்கள, நீங்கதான் வாங்கிக்கிறேன்னீங்களேன்னு ஒடச்சிக் கொட்டிட்டேன்."