அணிலுக்கும் கருவாட்டுப் பக்குவம்

எதையும் செய்த அன்றே தின்னக் கொடுக்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்த இனம்தான். புதிதாகச் செய்ததைப் பத்திரப்படுத்துவார்கள். பத்திரப்படுத்தியது பழசானதும் பரிமாறுவார்கள். கேட்டால், வீணாகக் கூடாது என்பார்கள். இவர்களுக்கு யார்மேலாவது அன்பு வந்துவிட்டால் இன்னும் ஆபத்து.

லைட்ஹவுஸ் குப்பத்துச் சகாதேவன் இந்த இனத்தில் மூத்த புள்ளி. மீனைக் கருவாடாக்குவதில் கைதேர்ந்தவர். காற்றில் கூட்டோடு விழுந்த அணில்குஞ்சு ஒன்று அவர் வீட்டில் வளர்ந்து, பப்லு என்று பெயரும் வாங்கியதிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேர்க்கடலையை இடித்து, கேழ்வரகு மாவைச் சேர்த்து, கொய்யாப்பழத்தைப் போட்டுத் தன் கையாலேயே பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, பப்லு ஆசையாக ஓடி வந்த நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதற்கு? மழைக்காலத்தில் பப்லு என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டாமா? உருண்டைகளை உப்பில் புரட்டினார். பழைய வலையை விரித்து, காய்கிற நெத்திலிக்குப் பக்கத்திலேயே பரப்பினார். காக்கை கொத்தாமல் காவலும் இருந்தார்.

காய்ந்து கல்லானதும் ஒன்றை எடுத்து நீட்டினார். பப்லு முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் தொடவில்லை. மூலையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துச் சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தீர யோசித்து, காரணத்தையும் கண்டுபிடித்தார்.

"இருசு, உப்பு பத்தல. அதான் துன்ன மாட்டேங்குது" என்றார் மனைவியிடம்.

இருசம்மாள் ஓர் உருண்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பினாள். "இன்னாயா இது, மீனுக்குப் போடுற உப்ப அணிலுக்குப் போட்டு வெச்சிருக்க? இத்தத் துன்னா செத்துப்பூடும்."

"உப்பு இல்லன்னா கெட்டுப்பூடாதா?"

"கொஞ்சமா பண்ணு. மூடி ஃபிரிட்ஜ்ல வை. ரெண்டு நாள்ல தீரலன்னா தூக்கிப் போடு."

தூக்கிப் போடு! இந்த இனத்தார் காதில் விழக்கூடாத சொல். சகாதேவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் இருசம்மாள் உப்பில்லாமல் பிசைந்த உருண்டையைப் பப்லு இரண்டு கைகளாலும் வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டித் தின்றது. சகாதேவனுக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "மிச்சத்த எடுத்து வெக்கட்டுமா?"

உப்பு உருண்டைகள் என்னவாயின என்கிறீர்களா? வீணாக்குவாரா? தினம் கஞ்சிக்கு அவரே தொட்டுக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஃபிரிட்ஜின் உள்மூலையில் இருக்கும் டப்பாவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பிள்ளைகள் கேட்டபோது, அப்புறம் தின்னலாம் என்று எடுத்து வைத்ததுதானே? இன்றைக்கு அதைச் சுடவைத்து அவர்கள் தட்டில் போடப் போகிறீர்கள். அணிலுக்காவது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமை இருந்தது.