சன்னத்துக்குச் சோற்றுப்பசை

ஒரு வேலையைச் சொன்னபடி செய்துவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. முடித்த பிறகுதான் மூளை விழிக்கும். இது காணுமோ, இன்னும் கொஞ்சம் பலமாகச் செய்திருக்கலாமோ என்று அரிக்கும். பள்ளிக்கூடத்தில் இந்தக் குணத்துக்குப் பரிசு தந்தார்கள். ஜெர்மனியில் இதே குணத்தால் ஒரு கிராமம் (நல்ல காலம், சின்னக் கிராமம்) துப்பாக்கிச் சூட்டுப் போட்டியில் தோற்றது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விடுதியில் கைக்குழந்தையோடு இருந்த எங்களுக்கு, பான் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. விடுதியில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு குசினி. பால் காய்ச்சவும் வரிசை. இங்கே தனிக் குசினி, யன்னலுக்கு வெளியே அப்பிள் மரம். மகள் முதன்முதலாக இரவு முழுக்க உறங்கியது அந்த வீட்டில்தான். ஆனால் வீடு எங்களுக்கென்று உறுதியாகவில்லை. வீட்டுக்காரர் ஹெர் பிராண்ட் பஸ் சாரதி, நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பது மட்டும்தான் அவர் பொறுப்பு. முடிவெடுப்பது மனைவி. அந்த அம்மா முதுகுவலிக்குக் 'கூர்' போயிருந்தார். டொக்டரே எழுதித் தந்து, வாரக்கணக்கில் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பும் ஜெர்மன் ஏற்பாடு அது.

"மனிசி வந்து பாத்துச் சொல்லட்டும், நீங்கள் இருக்கிறதோ இல்லையோ எண்டு" என்றார் ஹெர் பிராண்ட். (அவர் சொன்னது ஜெர்மனில். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.)

அன்றிலிருந்து நான் அழுக்கில்லாத மாடிப்படியைத் தினமும் கழுவினேன். மிளகாய்த்தூளை, யன்னலால் வாசனை கீழே போகுமோ என்று பயந்து பயந்து போட்டேன். அந்த நேரத்தில்தான் ஹெர் பிராண்ட் ஒரு சுருட்டுப் பெட்டியோடு மேலே வந்தார். உள்ளே என் பெருவிரல் தடிப்பில் ஈயச் சன்னங்கள், துவக்கில் போடும் குண்டுகள். வெடிமருந்து இல்லாத வெறும் ஈயம். கீழே பட்டறையில் தானே உருக்கி, அச்சில் வார்த்தவை. கிராமப் போட்டியில் அவர் சுடுவது பாட்டன் காலத்துப் பெருவாய்த் துவக்கால்; அந்தத் துப்பாக்கிக்கு உரியவை.

"இதுக்குக் கடதாசி சுத்த வேணும். மனிசிதான் சுத்திறவ. என்ர கையைப் பாருங்கோ" என்று நீட்டினார். ஒவ்வொரு விரலும் ஒரு மொந்தன் வாழைப்பழம். பிறகு, கதிரையில் கிடந்த மகளின் காலுறையை, நான் பின்னியதை, அர்த்தத்தோடு பார்த்தார்.

செய்முறையைக் காட்டினார். மெல்லிய, உறுதியான கடதாசி. இரண்டு முனையும் சரிவாக வெட்டியது. தண்ணீரில் நனைத்து, சன்னத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொடவேண்டும், ஏறக்கூடாது. அடியில் மிஞ்சுவதை முறுக்கிவிடவேண்டும். காயும்போது தானாக இறுகும். துவக்குக் குழாயின் உட்பக்கத்தில் ஈயம் அப்பாமல் இருப்பதற்காம். கடைசியில் கையை விரித்து, விரல்களை ஆட்டி, "ஃபூ!" என்று ஊதினார். வெடிச் சத்தம் என்று நினைத்து, மரியாதைக்கு நானும் ஊதினேன்.

என் கணவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து மேசையைப் பார்த்தார். முதலில் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"இஞ்ச பாரும், என்ன இது?"

"சன்னம்."

"சன்னத்துக்குப் பயந்து ஓடி வந்து நிக்கிறம். நீர் அதுக்குச் சட்டை தைச்சுக்கொண்டிருக்கிறீர்?"

"அந்த அம்மா வந்தால் வீட்டைத் தருவா எல்லே?"

"பொலிஸ் வந்தால் என்ன சொல்லுவீர்?"

"வீட்டுக்காரற்ற சாமான் எண்டு."

"அகதி விசா கேட்டிருக்கிற ஆக்கள் சொல்லக்கூடிய கதையே அது!" என்று பெட்டியைத் தூக்கி, தவழும் மகளுக்கு எட்டாதபடி அலுமாரிக்கு மேல் வைத்தார். நான் மூன்றாவது முறையாகக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

காய்ந்த பிறகு எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அதோடு விட்டிருக்கலாம். நான் ஒன்றை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். கடதாசி கழன்று கையோடு வந்தது! வெறும் தண்ணீரில் எது ஒட்டும்? பாவம், அந்த மனிதர் பசையை மறந்துபோனார். இல்லையென்றால் அவருக்கே தெரியாது, மனைவிக்குத்தான் தெரியும். போட்டியில் கடதாசி கழன்றால் பழி யாருக்கு?

பானையில் சோறு இருந்தது. ஊரில் பட்டம் ஒட்டியது, கொப்பிக்கு உறை போட்டது, சரசுவதி பூசைக்கு வண்ணத்தாள் ஒட்டியது எல்லாம் சோற்றால்தானே. நன்றாக மசித்து, மெல்லியதாகப் பூசி, அத்தனை சன்னங்களுக்கும் திரும்பச் சுற்றினேன். காய்ந்ததும் நெம்பினேன். நகம்தான் உடைந்தது. அந்தத் திருப்தியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஹெர் பிராண்ட் அவற்றுக்குக் கொழுப்புப் பூசி, மருந்து நிரப்பிய தோட்டாக் கூடுகளில் பொருத்தினார். "கொஞ்சம் இறுக்கம். நல்லது" என்றார். நான் பெருமையில் பூரித்தேன்.

போட்டி பக்கத்துக் கிராமத்தோடு. அவர்களுடைய முக்கியமான ஆள் ஓர் இறைச்சிக்கடைக்காரர். எங்கள் பக்கத்தில் கடைசியாகச் சுடுபவர் ஹெர் பிராண்ட். எங்களைக் குடும்பமாக அழைத்து, கேக் வாங்கித் தந்து, முன்வரிசையில் இருத்தினார். மகளின் காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் தொப்பி போட்டு, அதற்கு மேல் என் கையையும் வைத்திருந்தேன்.

முதல் வெடி. பெரிய புகை. இலக்கு அட்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, அட்டை நின்ற மரக்காலைச் சிராய்த்தது. மூன்றாவது, பக்கத்தில் இருந்த இறைச்சிக்கடைக்காரரின் அட்டையில், கிட்டத்தட்ட நடுவில் விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து நன்றி சொன்னார். கொட்டகையே சிரித்தது.

இவர் முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழில் சொன்னார்: "நல்லாத்தான் சுத்தியிருக்கிறீர்."

"நான் வடிவாத்தான் ஒட்டினனான்."

"என்னது? ஒட்டினீரோ?"

ஹெர் பிராண்ட் சுட்டு முடித்துவிட்டு, தான் நின்ற இடத்துக்கு முன்னால் தரையைக் குனிந்து பார்த்தார். மற்றப் பழைய துவக்குக்காரரின் முன்னால் கலியாண வீட்டு வாசல் மாதிரிக் கடதாசித் துகள்கள். அவர் முன்னால் கூட்டிவிட்டது போல் சுத்தம். பெட்டியில் மிஞ்சிய ஒரு சன்னத்தை எடுத்துச் சுரண்டினார். முகர்ந்தார். அந்த வாசனை தினமும் அவர் மாடிப்படியில் இறங்கி வருவதுதானே.

"சோறா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

தலையாட்டினேன். "மிகப் பலமாக" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

அவர் மெதுவாகக் கையை விரித்தார். விரல்களை ஆட்டினார். "ஃபூ" என்றார். அப்போதுதான் விளங்கியது. துவக்கு வாயைத் தாண்டியதும் கடதாசி சிதறிப் போய்விடவேண்டுமாம். என் பசையால் அது போகவில்லை. பாதி கழன்ற சட்டையோடு ஓடுகிறவன் போல் சன்னம் கண்டபாட்டுக்குப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஹெர் பிராண்ட் நேராகப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் அவருடைய மனைவி வருகிறார். துரத்தும் வரை காத்திருப்பது மரியாதையில்லை என்று நான் மகளின் உடுப்புகளைப் பையில் அடுக்கினேன். "அவையள் சொல்லட்டுமன்" என்றார் இவர். நான் கேட்கவில்லை.

ஃப்ரௌ பிராண்ட் படியேறி வந்தார். உயரமான பெண். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"நீங்களும் கூருக்கோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ர மனிசன் சோத்துக் கதையைச் சொன்னவர், இலக்கில எத்தினை அடிச்சதெண்டு சொல்லேல்லை. எத்தினை?" என்று கேட்டார்.

ஒரு விரலைக் காட்டினேன். பிறகு, உண்மை முக்கியம் என்பதால், அது பக்கத்து அட்டையில் என்பதையும் கையால் காட்டினேன்.

அவர் கட்டிலில் தொப்பென்று இருந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூரில் சேர்த்த சுகம் முழுதும் அன்றைக்கே போயிருக்கும். "இவ்வளவு வருசமும் தன்ர கண்ணும் கையும் எண்டு கப் வாங்கினவர். கடதாசி சுத்தினது ஆர் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை." கண்ணைத் துடைத்தார். பையிலிருந்து மகளின் சட்டையை எடுத்து, உதறி, அலுமாரிக்குள் வைத்தார். "இனி எனக்கு ஏலாது. நீங்கள் இருந்து சுத்துங்கோ. சோறு வேண்டாம்."

மகள் பள்ளிக்கூடம் போகும் வரை அங்கே இருந்தோம். அடுத்த போட்டியில் ஹெர் பிராண்ட் வென்றார். மேடையில் மனைவிக்கும் எனக்கும் நன்றி சொன்னார். என் பெயரை மூன்று விதமாகப் பிழையாகச் சொன்னார்.

ஊரில் ஒரு கடைத் தொலைபேசியில் அம்மா காத்திருக்க, இங்கே தெருவோர மஞ்சள் தொலைபேசிக் கூண்டிலிருந்து நான் பேசுவது வழக்கம். ஒருமுறை அம்மா கேட்டார்: "அங்க என்ன பிள்ளை செய்யிறாய்?"

"கடதாசி சுத்திறன் அம்மா."

"என்னத்துக்கு?"

எவரெவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாத அந்தத் தொலைபேசியில் சன்னம் என்ற சொல்லைச் சொல்ல முடியுமா?

"டொபிக்கு, இனிப்புக்கு" என்றேன்.

அவ்வளவுதான். நான் ஜெர்மன் டொபிக் கொம்பனியில் வேலை என்று ஊர் முழுக்கக் கதை. ஊருக்குப் போகிறவரிடமெல்லாம் கடையில் டொபி வாங்கிக் கொடுத்தனுப்பவேண்டியதாயிற்று. யாராவது என் தொழிலைக் கேட்டால், மகள் இன்றைக்கும் முந்திக்கொண்டு "அம்மா டொபியில இருந்தவ" என்பாள்.

போன வருடம் கனடாவில் ஒரு கலியாணத்தில் பெரியம்மாவைக் கண்டேன். என் கையைப் பிடித்துத் தடவினார். "இந்தக் கைதானே சுத்தினது! நீ அனுப்பின டொபியை உன்ர அம்மா ஒருத்தரையும் உரிக்க விடேல்லையடி. 'என்ர பிள்ளை சுத்தினது, கடதாசியோட இருக்கட்டும்' எண்டு போத்தலுக்குள்ள போட்டு வைச்சவ. கடைசியில எல்லாத்தையும் எறும்பு திண்டது."