நாற்பத்தைந்து அடிக் கண்மாய்

மாப்பிள்ளை முறுக்கு என்பது கல்யாணத்துக்குப் பிறகு காட்ட வேண்டியது. நான் பெண் பார்க்கப் போன இடத்திலேயே காட்டினேன். அதன் பலனை இன்றுவரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் (நிஜமாகவே சாப்பிட்டுக்கொண்டு).

அறுபதுகளின் கடைசி. மெட்ராஸில், அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் உத்தியோகம் எனக்கு. குடுமியான்மலைத் திருவிழாவில் வள்ளியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சண்டை போட்டிருந்தேன். அவள் அப்பா குன்றாண்டார்கோவில் பக்கம் கண்மாய்ப் பாசன விவசாயி. "அட்டையில ஓட்டை போடுறதெல்லாம் ஒரு வேலையாங்க?" என்று தரகரிடம் கேட்டாராம். எனக்குச் சுருக்கென்றது. அவர் ஊர்க் கண்மாயையே கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டி வாயை அடைப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு அடி தண்ணீர் நின்றால் எத்தனை நாள் பாசனம், இரண்டடிக்கு எத்தனை, இப்படிப் பன்னிரண்டு வரி. வரி வரியாக அச்சிடும் மேல் வேலையை ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினேன். நாளைக் கணக்கிடும் பகுதியை மட்டும் மெஷினின் சொந்த பாஷையில் எழுதி, ஃபோர்ட்ரான் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்படி வைத்தேன். (யாரும் கேட்கவில்லை. திமிர்தான்.) அப்படிக் கூப்பிடும்போது ஃபோர்ட்ரான் எண்ணைக் கையில் கொடுக்காது. எண் இருக்கும் இடத்தைக் காட்டும், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை எங்கள் வீட்டில் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். நாலு முருங்கைக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நானும் அதே பழக்கத்தில், எண் எடுத்த இடத்திலேயே விடையையும் வைத்துவிட்டு வரும்படி எழுதிவிட்டேன். மற்ற வரிகளில் அது தற்காலிக இடம், பாதகமில்லை. முதல் வரியில் மட்டும் 'ஒன்று' என்ற எண்ணையே கொடுத்திருந்தேன். விடை நான்கு நாள். ஃபோர்ட்ரான் 'ஒன்று' என்பதை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அங்கிருந்துதான் எடுக்கும்; அந்த இடத்தில் நான்கு போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி கூட்டுவதாக நினைத்து நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. நானோ முதல் வரியை மட்டும் பார்த்து, காகிதத்தை மடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

வள்ளி வீட்டில் கேசரி வந்தது. காகிதத்தைக் கொடுத்தேன். வள்ளியின் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, "ஒரு அடிக்கு நாலு நாளு. சரியாத்தான் இருக்கு," என்றார். நான் காலரைச் சரி செய்துகொண்டேன்.

"ரெண்டாவது வரி அஞ்சு அடின்னு போட்டிருக்கு. அடுத்தது ஒம்பது." விரல் கீழே இறங்கியது. "ஏந் தம்பி, எங்க கண்மாய்க் கரையே பன்னெண்டு அடிதான். இங்க நாப்பத்தஞ்சு அடித் தண்ணி நிக்கிதே, நாங்கள்லாம் எங்கிட்டுப் போறது?"

"மீனு வாங்கக் கட்டுமாவடிக் கடற்கரை வரைக்கும் போக வேண்டியதில்லைங்க," என்றார் தரகர். (எனக்கு உதவி செய்கிறாராம்.)

நாலு நாலாய் ஏறுவதைப் பார்த்ததும் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. கேசரிக் கிண்ணத்தை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தி, பாத்திரம், முருங்கைக்காய் எல்லாம் சொல்லி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காகிதத்தைச் சுருட்டினார். "நாங்க கலந்துக்கிட்டுக் கடுதாசி போடுறோம்," என்றார். பெண் வீட்டார் அப்படிச் சொன்ன கடுதாசி எந்த ஊரிலும் வந்து சேர்ந்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து வள்ளியின் குரல் கேட்டது. "அடுத்தவுக பாத்திரத்துலயே எதுக்குப் போட்டுக் கிண்டணும்? நம்ம பாத்திரத்துக்கு மாத்திக்கிட்டு, அவுக பாத்திரத்தை அப்புடியே திருப்பிக் கொடுத்தா என்ன?"

அதேதான். ரெண்டு வரி வேலை. சம்பளம் வாங்கும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் அப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரத் திருத்தறதுக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும் போலருக்கு," என்றார். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்தன்று காலை இலையில் உட்கார்ந்து, "ஒண்ணு போதும்," என்றேன். மாமனார் எண்ணி நாலு இட்லி வைத்தார். பந்தியே சிரித்தது. இன்றைக்கும் வள்ளியிடம் ஒரு இட்லி கேட்டால் நாலுதான் வரும். டாக்டர் எனக்கு இரண்டுதான் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கெட்டது 'ஒன்று' என்ற எண் மட்டும்தான், ரெண்டு கேட்டால் ரெண்டே கிடைக்கும். அப்படிக் கேட்கத்தான் வாய் வர மாட்டேன் என்கிறது.