நீலக் கட்டடத்துத் தூணும் நம் வீட்டுச் சம்பந்தமும்

அன்புள்ள ஹிசாயோ அக்காவுக்கு, உன் தம்பி செய்ஜி வணக்கத்துடன் எழுதுவது.

மழைக்காலம் தொடங்கி ஒரு வாரமாகிறது. சென்டாயில் உனக்கும் அத்தானுக்கும் உடம்பு சௌகரியம்தானே? அத்தானின் முழங்கால் இந்த ஈரத்தில் படுத்தாமல் இருக்க வேண்டும். இங்கே இந்த வருடம் செர்ரி நன்றாகப் பழுத்திருக்கிறது. ஒரு பெட்டி தனியே அனுப்பியிருக்கிறேன். நான் நலம். என் பெண் கனாயே நலமா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். இன்றைய சீட்டு: "மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. உங்கள் தைரியம் மாதிரி கொஞ்சம் நீர்த்துவிட்டது."

இதற்கெல்லாம் யார் காரணம் என்று யோசித்துப் பார்த்தேன். நீதான் அக்கா. முப்பத்து நாலு வயதில் அவளே பார்த்து, அவளே பிடித்துப்போய்ச் சொன்ன பையன் ரியோஹெய். அவனுடைய பெற்றோர் உசுயி தம்பதி கிஃபுவிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்க்க வருகிறார்கள். நடுவில் நின்று பேசி முடிக்கிறவள் நீ. "உங்க ஊர்ல காட்ட வேற என்ன இருக்கு? அந்தப் பழைய நீலக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போ, பேச்சுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்" என்று சொன்னவளும் நீ. விஷயம் கிடைத்தது. ஆனால் உசுயி என்ன தொழில் செய்கிறார் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரீட்சைக்குப் போகிற பையனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு என்ன பாடம் என்பதை மட்டும் சொல்லாமல் அனுப்பினால் அவன் என்ன எழுதுவான்?

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நீலக் கட்டடத்து வாசலில் காலணியைக் கழற்றி அங்கே வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டோம். அது உசுயியின் பாதத்தில் பாதிவரைதான் ஏறியது. குதிகால் இரண்டும் வெளியே நிற்க, மனிதர் பனிக்கட்டியில் நடப்பதுபோல் நடந்தார். அன்றைக்குப் பார்த்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் முறை யாருக்கு என்கிறாய்? நெமோதோ சாருக்கு. என் பழைய தலைமை ஆசிரியர், இப்போது எண்பத்தாறு வயது. கையில் அதே பிரம்பு. அவருக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதில் ஒரு நாள்கூட அவர் பேச்சின் நடுவே நான் தும்மியதில்லை. "சுருக்கமாச் சொல்லட்டுமா, விவரமாச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மூன்றே முக்காலுக்கு அவர்களுக்கு ரயில். அதை விட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. இருந்தும் உசுயியின் மனைவி மரியாதைக்காக, "விவரமாவே சொல்லுங்க, கொடுத்து வச்சிருக்கணும்" என்றார். அவர் கிஃபுக்காரர், பாவம், அவருக்கென்ன தெரியும்.

நாற்பது நிமிடம் கூடத்திலேயே கழிந்தது. பிறகு மாடிப்படி. அங்கே ஒரு பலகை: மாடியில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏறக் கூடாது. நாங்கள் ஐந்து, நெமோதோ சாரோடு ஆறு. "நான் கீழயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். "ஐயோ, நீங்க இல்லாமலா? நான் நிக்கறேன்" என்றார் அந்த அம்மாள். "அம்மா, நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றாள் கனாயே. "எனக்கு உயரம் ஒத்துக்காது" என்றான் ரியோஹெய். அவன் ஒன்பதாவது மாடியில் வேலை செய்கிறவன். இப்படி ஒருவரையொருவர் தள்ளித் தள்ளிக் கடைசியில் யாருமே ஏறவில்லை. நெமோதோ சார் மட்டும் ஏறிவிட்டார். நாங்கள் பின்னால் வருகிறோம் என்ற நம்பிக்கையில், யாருமில்லாத மாடியில் நின்று, தாழ்வாரத்துக் கம்பி அழிகளைப் பற்றி உரக்கப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். கூப்பிடலாம் என்றால் அவர் பேசிக்கொண்டிருக்கிறாரே!

அந்த நேரத்தில்தான் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. உசுயி கூடத்துத் தூணை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், காதை வைப்பார், ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி தட்டுவார். "தொடாதீர்கள்" என்ற பலகை அவர் மூக்குக்கு நேராக இருந்தது. நம் வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் சோபா நூடுல்ஸ் சாப்பிட்ட மனிதர், இப்போது செருப்பை உதறிவிட்டு, புதுக் கோட்டோடு தரையில் குப்புறப் படுத்து, சுவரடிக் காற்றுத் துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னைக்காவது விடக் கூடாதா?" அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சம்பந்தி வீட்டுக்கு வந்த இடத்துலயும் கரையானா?"

கரையான் ஒழிப்பு. முப்பது வருடமாக அதுதான் அவருக்குத் தொழில்! முப்பத்தேழு வருடம் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவன் நான். கரும்பலகையில் எத்தனை கரையான் வரைந்திருப்பேன்! அதில் ஒன்று இறங்கி வந்து என் மகளின் கல்யாணத்தில் வாய் வைக்கும் என்று கண்டேனா?

மேலே தனியாக இருப்பதை உணர்ந்து நெமோதோ சார் இறங்கி வந்தார். உசுயி தூணைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிரம்பால் கையில் ஒன்று வைத்தார். ஆமாம் அக்கா, வருங்காலச் சம்பந்தியின் புறங்கையில், நாலாம் வகுப்புப் பையனை அடிப்பதுபோல்.

"படிக்கத் தெரியாதா? தொடாதீங்கன்னு போட்டிருக்குல்ல?"

"மன்னிச்சுக்குங்க. ஆனா இந்தத் தூண்..."

"நூத்து நாப்பது வருஷத்துத் தூண்! கல்லுன்னு நினைச்சீங்களா? மரம். யோகோஹாமாவுல வெள்ளைக்காரன் கட்டினதப் பார்த்துட்டு வந்து, நம்ம ஊர்த் தச்சருங்க கல் மாதிரியே செதுக்கி வர்ணம் பூசினது."

"கல்லும் இல்லீங்க, மரமும் இல்லீங்க" என்றார் உசுயி, மிகப் பணிவாக. "உள்ள எல்லாம் தின்னு முடிச்சாச்சு. வர்ணம் மட்டும்தான் நிக்குது."

நெமோதோ சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா தொகாஷி, நீ விஞ்ஞான வாத்தியார்தானே? நீ சொல்லு. தூண் எப்படி இருக்கு?"

கனாயே என்னையே பார்த்தாள். அந்தத் தட்டல் எனக்கும் கேட்டது அக்கா. காலிப் பூசணிக்காயைத் தட்டினது மாதிரிதான் இருந்தது. ஆனால் பதினோரு வருடப் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? "ரொம்ப உறுதியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா!" என்றாள் கனாயே. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

"கேட்டீங்கள்ல?" என்று நெமோதோ சார், தூணின் உறுதியைக் காட்டப் பிரம்பின் முனையால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிரம்பு ஒரு சாண் உள்ளே போய்விட்டது. இழுத்தார். வரவில்லை. ரியோஹெய் போய்ப் பிடித்து இழுத்ததும் வந்தது; கூடவே ஒரு கைப்பிடி மண்ணும், வெள்ளை வெள்ளையாக நெளிகிற நாலைந்தும். நெமோதோ சார் அந்த ஓட்டையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு "தொடாதீர்கள்" பலகையைக் கழற்றி ஓட்டைக்கு மேலே மாட்டிவிட்டு, "அடுத்து, ஜன்னல் கண்ணாடிகளைப் பார்ப்போம்" என்றார். பார்த்தோம். ரயில் போய்விட்டது.

அடுத்த ரயில் வரும்வரை நிலையத்தில் இரண்டு மணி நேரம் ஐந்து பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது உசுயி சிவந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து வணங்கி, "இன்னைக்கு நிறையக் கத்துக்கிட்டோம்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனி இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

ஆகவே அக்கா, அவர்கள் முந்திக்கொள்வதற்குள் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீயே நாசூக்காகச் சொல்லிவிடு. பெண்ணின் அப்பா லாயக்கில்லாதவர் என்று தாராளமாகச் சொல். கனாயே சொல்வதும் அதுதான். எனக்காக அந்தப் பெரிய மனிதரின் கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை விசாரி.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு ஈரத்துணி ஆகாது; உலர்ந்த சூடுதான் நல்லது. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
தொகாஷி செய்ஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நெமோதோ சார் போன் செய்தார். உசுயி நேற்றுக் காலையிலேயே மூன்று ஆட்களோடு வண்டியில் வந்து, நகராட்சியில் அனுமதி வாங்கி, இரண்டு நாளாகக் கட்டடத்துக்கு அடியிலேயே கிடக்கிறாராம். நம் வீட்டுக்கு வரக் கூச்சமாம். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாராம். ஒன்பது தூண் போய்விட்டதாம், மிச்சத்தைக் காப்பாற்றிவிடுவாராம். "தொகாஷி, அப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லப்பா. அவர் பையன் விஷயம் உங்க வீட்டுல தட்டிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். எங்க பேத்திக்குக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றார். "முடியாது சார், எல்லாம் நிச்சயமாயிடுச்சு, நவம்பர்ல கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேச்சின் நடுவிலேயே சொன்னேன். எனவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, கல்யாணம் நவம்பரில் என்பதை உசுயி வீட்டாருக்கும் உடனே தெரிவித்துவிடு.