செருப்புக்கு மேலே பேசாதே

இக்கதையை புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழிலாளி ஒருவர் சொல்ல, பதினோராண்டுகளுக்கு முன், ஒரு மழைநாள் பிற்பகலில் எழுதிக்கொண்டேன்.

காலணி தைப்பவர் ஒருவர். மனைவி மருத்துவமனைச் செவிலி. வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. அதைக் காலிசெய்து தன் தம்பியைக் குடிவைப்பது என்பது அவள் முடிவு. தலை போனாலும் அறை போகாது என்பது அவர் சபதம். ஆகவே அவள் நாள்தோறும் குற்றம் கண்டாள்: தோல் நாறுகிறது, ஆணி சிதறுகிறது, தையல் கோணுகிறது.

பூட்ஸுக்கு அடித்தோல் மாற்ற வந்த நூலகர் ஒருநாள் ஒரு சொல்லை உதிர்த்தார். தெரியாத விஷயத்தில் குறைகூறும் விமர்சகருக்கு ஆங்கிலத்தில் ‘அல்ட்ராகிரெபிடேரியன்’ என்று பெயராம். லத்தீனில் ‘உல்ட்ரா’ என்றால் அப்பால். ‘கிரெபிடா’ என்றால் செருப்பு. செருப்பைத் தாண்டிப் பேசுகிறவர் என்று பொருள். அதன் பின்கதையைச் சொல்ல வந்தவரை நம்மவர் விடவில்லை. அதற்குள் அச்சொல்லை அட்டையில் எழுதிச் சுவரில் அறைந்துவிட்டார்.

“என்னங்க இது, புது மருந்தா?”

“உன் பேரு. செருப்பு தெரியாதவ, செருப்பு தைக்கிறவனைக் குறை சொல்லக்கூடாது. அந்தக் காலத்திலேயே தீர்ப்பு எழுதிட்டான்.”

“யாரு யாருக்குச் சொன்ன தீர்ப்பு?”

“யாருக்கோ. உனக்குந்தான்.”

மறுநாள் பூட்ஸை நூலகரிடம் சேர்க்க அவளே கிளம்பினாள். திரும்பி வந்து அவருடைய முக்காலியிலேயே அமர்ந்தாள்.

“முழுசாக் கேட்டுட்டு வந்தேன். ஒரு ஓவியர் படம் வரைஞ்சாராம். செருப்பு தப்புன்னு ஒருத்தன் சொன்னான், திருத்திட்டாரு. மறுநாள் வந்து காலும் சரியில்லைன்னான். ‘செருப்போட நிறுத்திக்கோ’ன்னாராம். அந்த ஒருத்தனுக்கு என்ன தொழில் தெரியுமா?”

“என்ன தொழில்?”

“உங்க தொழில்.”

அவர் கையிலிருந்த ஆணியைப் பார்த்தார்.

“செருப்பு விஷயத்திலே இனி நான் வாயே திறக்க மாட்டேன். அதுக்கு நீங்கதான் ராஜா. ஆனா சுவரு, கதவு, அறை, என் தம்பி, இதெல்லாம் செருப்புக்கு மேலே.”

“என் வாய் அடங்காதுடி. நான் எங்கே உட்கார்ந்து தைக்கிறது?”

“செருப்பு எங்கே இருக்குமோ அங்கேதான். வாசப்படிக்கு வெளியே.”

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

தையற்காரர் ஒருவர் சொன்ன, இதே கதையின் வேறு பாடத்தில், கணவர் வாசலில் குறுக்கே படுத்து அறையை மீட்டுவிடுகிறார். தையற்காரர் அந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவருடைய மனைவி தேநீரோடு உள்ளே வந்தார். எஞ்சியதை அவர் முதற்பாடத்தின்படியே முடித்தார்.