காணாமல்போன 10,404ஆவது டைல்

ஜூன் 9, வெள்ளிக்கிழமை, மாலை 4.20. கைவசம் உள்ள டைல்கள்: 10,403. சுவரில் ஒட்டியவை: பூஜ்யம். ஒட்ட ஆள்: அதுவும் பூஜ்யம்.

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள் என்பதால் சிமெண்ட் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குழந்தைகள் மருத்துவமனை முகப்புச் சுவருக்கான மீன் படம் டைல் டைலாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை எண், கடைசி எண் 10,403. பார்த்ததும் எனக்கு உறுத்தியது. ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு, ஆகவே மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தால் ஒன்று மிச்சம், பதின்மூன்றால் மூன்று மிச்சம். இப்படி 97 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுத்தேன். வர்க்கமூலமே நூற்றுச் சொச்சம்தான், அதற்குமேல் தேவையில்லை. ஆக 10,403 பகா எண். வரிசைக்கு எத்தனை வைத்தாலும் கடைசி வரிசை பொக்கையாகத்தான் நிற்கும். ஒன்று கூடினால் 10,404: குறுக்கே 102, நெடுக்கே 102, இருபத்தேழு எண்களால் வகுபடும் அருமையான எண். சுவரும் பார்க்கச் சதுரம்தான். எனவே ஒரு டைலை யாரோ எடுத்திருக்கிறார்கள். பெட்டிகளைப் பிரித்தவர் உங்களிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் மேஸ்திரி. நேராகவே கேட்டேன்.

"குறையாது தம்பி. சுவத்த அளந்து பாருங்க."

"அளக்க வேண்டாம். கணக்கே சொல்லுது. பையத் திறங்க."

திறந்தார். கரணை, மட்டக்கோல், பாதி வாழைப்பழம். சித்தாள் அக்கா சிரித்துவிட்டார்: "ஒரு டைல வச்சு அவரு என்ன வீடா கட்டப் போறாரு?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. பையை மூடினார். "கணக்குதான் சொல்லுதுன்னா கணக்கையே ஒட்டச் சொல்லுங்க" என்று தன் ஆட்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டைல் பட்டறைக்குப் போன் செய்து இன்னொன்று கேட்டால் அந்த அம்மா, "படம் முடிஞ்சிடுச்சே சார், அதுல என்ன வரையட்டும்?" என்கிறார். எதையாவது வரையுங்கள் என்றேன்.

திங்கள் காலை ஒன்பதுக்குத் திறப்பு விழா. ஆனால் தப்பு என்னுடையது இல்லை. மேஸ்திரியை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்.

அத்தைக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. இதைப் படித்த பிறகும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்தேன். அந்த நூற்றுச் சொச்சம் சரியாக 101.99. அப்படியென்றால் 101-ஆலும் வகுத்திருக்க வேண்டும். இப்போது வகுத்தேன். 103. மிச்சம் ஒன்றுமில்லை. ஓடிப்போய்ச் சுவரை அளந்தேன். குறுக்கே 103 டைல், உயரம் 101. வேறு கடிதம் எழுத நேரமில்லை, லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இனி நான் செய்யப்போவது:

1. மேஸ்திரி தெரு வழியாகத்தான் லாரி போகிறது. இதிலேயே ஏறி அவர் வீட்டில் இறங்குவேன்.
2. அந்த நான்கு பேருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பேன். பையைத் திறக்கச் சொன்னதற்குத் தனியாக.
3. பட்டறை அம்மாவிடம் எதையும் வரைய வேண்டாம் என்பேன்.
4. மேஸ்திரி வராவிட்டால் நானே ஒட்டுவேன். நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் 173 மணி நேரம். இருப்பது 64.
5. ஆகவே 4 கிடையாது. அவர் கரணையை எடுக்கும்வரை 2-ஐத் திரும்பத் திரும்பச் செய்வேன்.