அசல் கெடாத வண்டி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்கிறார்கள். அந்தச் சக்கரத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று கண்டுபிடித்ததே மெய்யான சாதனை. அதைச் செய்தது, அரிசோனாவில் கிலா பெண்ட் ஊரிலுள்ள எங்கள் 'பழைய மோட்டார் சைக்கிள் அசல் காப்புக் கழகம்'. நான் அதன் செயலாளர். விதிப் புத்தகம் முழுக்க என் கையெழுத்து.

சென்ற ஜூன் மாதம் கழகத்தை ஒரு நெருக்கடி சூழ்ந்தது. கிளைட் ரக்மனின் 1948ஆம் வருடத்து வண்டி, பன்னிரண்டு மைல் போனால் நின்றுவிடுகிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, நாற்பது மைல் தள்ளி அஹோவில் அவர் மகள் ஜெனெலுக்குக் கல்யாணம். காலஞ்சென்ற மனைவியைத் தங்கள் கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து கிளைட் கூட்டி வந்தது அந்த வண்டியில்தான். "அதே வண்டியில வந்து என் கையைப் பிடிச்சுச் சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போப்பா" என்று மகள் கேட்டிருந்தாள்.

அவசரக் கூட்டம் கூட்டினேன். எதிர்ப் பட்டறைக்காரம்மா ரொசால்வா 'சிறப்பு அழைப்பாளர்'. அதாவது, நாற்காலியை அவரே கொண்டுவர வேண்டும்.

"பெட்ரோல் குழாய் சிலிண்டரை உரசிக்கிட்டுப் போகுது. அந்தச் சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாயிடுது. அப்புறம் இஞ்சின் எதைக் குடிக்கும்? ரெண்டு அங்குலம் தள்ளிக் கட்டுங்க. பத்து நிமிஷ வேலை" என்றார்.

"ரெண்டு அங்குலமா!" உறுப்பினர் லோவெல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல சூடு தாங்கற அட்டை ஒண்ணு வைக்கறேன். வெளியே தெரியவே தெரியாது."

"தெரியாட்டாலும் அது அங்கே இருக்குமே, ரொசால்வா?" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கிளைட் மெல்லக் கேட்டார்: "சனிக்கிழமை மட்டும் தள்ளிக் கட்டிட்டு, ஞாயித்துக்கிழமை நம்ம கழகத்து அசல் வண்டிப் போட்டிக்கு முன்னால பழையபடி வெச்சுட்டா?"

"ஒரு தடவை அவிழ்த்தா அசல் போச்சுய்யா. விதி ஏழு" என்றேன்.

தலைவர் வெர்னன் தொண்டையைச் செருமினார். "எங்கப்பா அந்தக் காலத்துல குழாய் மேல துணி காயப்போடற மரக் கிளிப்பை வரிசையா மாட்டுவாரு. சூட்டையெல்லாம் அது இழுத்துக்கும்."

"கிளிப் எப்படிங்க இழுக்கும்?" என்றார் ரொசால்வா.

"மரம்மா அது! சும்மாவா இருக்கும்?"

இந்த விஞ்ஞான விளக்கத்துக்குப் பிறகு விவாதத்துக்கு இடமேது? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிளிப்பும் 1948ஆம் வருடத்ததாக இருக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக் கிளிப் போதாதா என்று கேட்ட லோவெல், எழுத்து மூலம் மன்னிப்புக் கோரினார். ரொசால்வா நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். அன்றைய வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. கோட்டும் டையுமாகக் கிளைட் முன்னால். 'அதிகாரபூர்வத் துணை'யாக நான், கிளிப் மாட்டிய என் வண்டியில் பின்னால். அவர் வண்டிக் குழாயில் பன்னிரண்டு கிளிப்புகள் அணிவகுத்து நின்றன. பன்னிரண்டாவது மைலில் வண்டியும் நின்றது. ஆறவைத்துக் கிளப்பினோம். மறுபடி நின்றது. அதற்குள் என் வண்டியும் அனுதாபத்தில் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை.

ஒரு கார்க்காரர் நிறுத்தி, "ஏறிக்கறீங்களா?" என்றார். கிளைட் ஓரடி எடுத்து வைத்தார். "இன்னும் அஞ்சே நிமிஷத்துல ஆறிடும்" என்று காரை நான்தான் அனுப்பிவைத்தேன்.

"செயலாளரே, மணி பத்தே முக்கால். குழாயை இழுத்துக் கட்டிடறேன்யா. என் பெல்ட்டு போதும்."

"பெல்ட்டா? அது எந்த வருஷத்துது?"

அவர் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். "வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாய்யா அவ" என்றார். நானும் மனிதன்தானே? என் வண்டியிலிருந்து இரண்டு கிளிப்புகளைக் கழற்றி அவருக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பா வந்து சேரவில்லை என்று கேள்விப்பட்டு ரொசால்வா தன் டிரக்கில் தேடி வந்தபோது மணி ஒன்றரை. இரண்டு வண்டிகளையும் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை கிளைட்டின் வண்டி நூற்றுக்கு நூறு வாங்கியது. கழக வரலாற்றில் முதல்முறை. 'ஒரு பாகம்கூட மாறவில்லை' என்ற சான்றிதழை நானே வாசித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் போனை நீட்டினார்.

"இதுக்கும் மார்க் போடுங்க, செயலாளரே."

கல்யாணப் படம். வெள்ளை உடை, பூச்செண்டு, சர்ச் வாசல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஜெனெலின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. விருந்துக்குப் பாட்டுப் போட வந்த ஆளாம்.

முப்பது வருட நடுவர் அனுபவம் எனக்கு. அசலைக் கழற்றிவிட்டு மாற்றுப் பாகம் பொருத்தியிருப்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன். கழற்றியது யார் கை என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. விதிப் புத்தகம் முழுக்க அந்தக் கையின் எழுத்துத்தான்.